உனக்காகத்தான் விட்டேன் என்று சொன்ன அம்மாவுக்கு

என்னைப் பெற்றவளே, தெர்மல் மின்நிலையத்தில் எல்லோரும் பாய்லர் சுகுணா என்று அழைத்த என் அம்மாவே,

நீ போய் நாலு மாதம் ஆகிறது. எல்லோரும் உன்னைப் புகழ்ந்து முடிக்கட்டும், அப்புறம் எழுதலாம் என்று இருந்தேன். அவர்கள் முடிக்கிற மாதிரி தெரியவில்லை. அதனால் நடுவிலேயே குறுக்கிடுகிறேன்.

உன் பதினாறாம் நாள் காரியத்துக்கு ப்ளாக்கே திரண்டு வந்திருந்தது. நம் குவார்ட்டர்ஸ் வாசலில் போட்ட பந்தல் போதாமல் பக்கத்து வீட்டு நூர்ஜஹான் அத்தையின் வேப்பமரத்தடியிலும் நாற்காலி போட வேண்டியிருந்தது. அப்பாவின் ஆபீஸ்காரர்கள், உன்னோடு வேலை பார்த்து ரிட்டயர் ஆனவர்கள், குறிஞ்சிப்பாடியிலிருந்து அப்பாவின் அக்கா, எல்லோரும் வந்தார்கள். வந்தவர்கள் ஒவ்வொருவராக என் கையைப் பிடித்துக்கொண்டு ஒரே விஷயத்தைச் சொன்னார்கள்.

"எவ்ளோ பெரிய வேலைம்மா அது. உனக்காகத் தூக்கிப் போட்டுட்டு வந்தாங்க. இந்த மாதிரி ஒரு அம்மா யாருக்குக் கெடைக்கும்?"

நான் தலையை ஆட்டினேன். ஆட்டி ஆட்டிக் கழுத்து நோவெடுத்துவிட்டது. பிறகு உள்ளே போய் உன் அலமாரிக் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு அதன் பின்னால் நின்றேன். அழுகிறேன் என்று நினைத்து யாரும் கிட்டே வரவில்லை. நான் அழவில்லை அம்மா. பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன்.

இதை உனக்கு மட்டும் எழுதி எரித்துவிடலாம் என்றும் யோசித்தேன். ஆனால் நீ என் கதையை ஊர் கேட்கத்தானே சொன்னாய்? மார்க்கெட்டில் சொன்னாய், கல்யாண வீட்டில் சொன்னாய், என் மாமனார் வீட்டார் பெண் பார்க்க வந்தபோது காபி ஆறுவதற்குள் சொல்லி முடித்தாய். அதனால் என் பக்கத்தையும் ஊரே கேட்கட்டும்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நீ வேலைக்குப் போன அம்மாவாக இருந்ததில் எனக்கு எந்தக் குறையும் இருந்ததில்லை. அதைத்தான் யாரும் நம்புவதில்லை. நீயே நம்பவில்லை.

ஆயுத பூஜையன்று குடும்பத்தோடு தெர்மலுக்குள்ளே விடுவார்கள் இல்லையா, அப்படி ஒரு வருடம் அப்பாவோடு நான் வந்தேன். நான்காவதோ ஐந்தாவதோ படித்துக்கொண்டிருந்தேன். அந்தப் பெரிய பாய்லருக்குக் கீழே நீ தலையில் ஹெல்மெட்டோடு நின்றிருந்தாய். புடவைக்கு மேலே காக்கிச் சட்டை. இயந்திரத்துக்கெல்லாம் சந்தனம் வைத்திருந்தார்கள், உன் கன்னத்திலும் கொஞ்சம் ஒட்டியிருந்தது. உன்னைச் சுற்றிப் பத்திருபது ஆண்கள். யாரோ ஏதோ சொல்ல, நீ தலையைப் பின்னால் சாய்த்துச் சிரித்தாய். அத்தனை இரைச்சலிலும் அந்தச் சிரிப்பு எனக்குக் கேட்டது. வீட்டில் நீ அப்படிச் சிரித்து நான் பார்த்ததே கிடையாது.

எனக்குப் பொறாமை வந்ததா என்று கேட்டால், இல்லை. மறுநாள் பள்ளிக்கூடத்தில், எங்கள் வீட்டில் எரிகிற பல்பெல்லாம் எங்கள் அம்மா அனுப்புகிற கரண்டு என்று பெருமையடித்துக்கொண்டேன். பெரிய பராமரிப்பு வேலை நடக்கிற நாட்களில் நீ தலையெல்லாம் சாம்பலோடு வருவாய். குளிப்பதற்கு முன்பே உட்கார்ந்து எந்தக் குழாயில் ஓட்டை, எவன் எங்கே தப்பாக வெல்டிங் வைத்தான் என்று சொல்லுவாய். நான் வாயைப் பிளந்துகொண்டு கேட்பேன். பள்ளி விட்டு வந்தால் நூர்ஜஹான் அத்தை வீட்டில் சேமியாவும் டீயும் கிடைக்கும். அவர்கள் பிள்ளைகளோடு சைக்கிள் விடுவேன். எனக்கு என்ன குறைந்துபோயிற்று, சொல்.

நான் பத்தாவது படித்தபோதுதான் அது வந்தது. வேறு மாநிலத்தில் தொடங்கப்போகிற புதிய மின்நிலையம். அதன் பராமரிப்புப் பிரிவுக்கு நீதான் தலைமை என்றார்கள். நீ சேர்ந்த காலத்தில் உன்னை மேஜை வேலைக்கு மட்டும்தான் லாயக்கு என்று சொன்னவர்கள், இப்போது ஒரு பிரிவையே தூக்கிக் கொடுத்தார்கள். அன்று சாயங்காலம் நீ மெயின் பஜாரில் அல்வா வாங்கிக்கொண்டு வந்தாய். அதுவும் எனக்கு நினைவிருக்கிறது.

அதே மாதம் எனக்கு மஞ்சள் காமாலை வந்தது. அதற்கு நீ என்ன செய்வாய், நான்தான் என்ன செய்வேன்? ஊரில் பாதிப் பிள்ளைகளுக்கு வந்தது. ஆனால் அத்தை குறிஞ்சிப்பாடியிலிருந்து கீழாநெல்லியோடு வந்து இறங்கி, என் கட்டில் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு, உன் காதில் விழும்படியாகச் சொன்னாள்.

"பொம்பள பாய்லர்லயே கெடந்தா, வூட்டுல புள்ள இப்படித்தான் காஞ்சிகினு கெடக்கும்."

பாய்லர் அடியில் நின்று அத்தனை பேரை அதட்டி வேலை வாங்கியவள், அத்தைக்கு ஒரு வார்த்தை சொல்லவில்லை. போகட்டுமா என்று அப்பாவிடம் கேட்டாய். அப்பா பேப்பரை மடித்துவிட்டு, "உன் இஷ்டம்" என்றார். நான் படுத்த இடத்திலிருந்தே சொன்னேன்: "நீ போம்மா. நான் ஹாஸ்டல்ல இருந்துக்கறேன். இல்லன்னா நூர்ஜஹான் அத்தை பாத்துப்பாங்க."

"நீ சும்மா இரு. உனக்கு ஒண்ணும் தெரியாது," என்றாய்.

அந்த வீட்டில் உன்னைப் போகச் சொன்னது நான் ஒருத்திதான். என்னைத்தான் நீ சும்மா இருக்கச் சொன்னாய்.

போகவில்லை. சரி, அதோடு விட்டிருந்தால்கூட நான் இந்தக் கடிதத்தை எழுதமாட்டேன். அடுத்த வருடம் நடந்ததைத்தான் நீ யாரிடமும் சொன்னதில்லை. உனக்குப் பதிலாகப் போன உன் ஜூனியர், பதவி உயர்வோடு இங்கேயே திரும்பி வந்தார். உனக்கு மேலே வந்து உட்கார்ந்தார். நீ அடுப்படியில் அப்பாவிடம் பேசியதை நான் கூடத்தில் கணக்குப் போட்டுக்கொண்டே கேட்டேன்.

"நான் வேல கத்துக் குடுத்த ஆளு. அவன்கிட்ட போய் லீவு கேட்டு நிக்கணுமா நான்?"

அந்த மாதக் கடைசியில் நீ வேலையை விட்டாய். காரணம் அதுதான். அதில் ஒரு வெட்கமும் இல்லை அம்மா. எனக்கும் அப்படித்தான் கோபம் வந்திருக்கும். ஆனால் அதை ஊருக்குச் சொல்ல உனக்கு வாய் வரவில்லை. பிளஸ் ஒன் படித்துக்கொண்டிருந்த என்னை இழுத்து முன்னால் நிறுத்தினாய். "பொண்ணோட படிப்பு முக்கியமாச்சே, அதான் விட்டுட்டேன்," என்றாய். சொன்ன உடனே எல்லோரும் உன்னைக் கும்பிட ஆரம்பித்தார்கள். உன் வேலைக்காக உன்னைப் பாராட்டாத அத்தைகூடப் பாராட்டினாள்.

அதற்குப் பிறகு அந்த வீடு எப்படி இருந்தது என்று கும்பிட்டவர்களுக்குத் தெரியாது. எனக்குத் தெரியும்.

நீ பாய்லரை விட்டுவிட்டு என்னை எடுத்துக்கொண்டாய். நான் எழுந்திருக்கிற நேரம், குளிக்கிற நேரம், கணக்குக்கு எவ்வளவு, கெமிஸ்ட்ரிக்கு எவ்வளவு என்று எல்லாம் உன் கையில் வந்தது. சிநேகிதி வீட்டுக்கு நான் போனால் சைக்கிளை எடுத்துக்கொண்டு பின்னாலேயே வருவாய். டைனிங் டேபிளில் எனக்கு எதிரே உட்கார்ந்துகொள்வாய். பேசமாட்டாய், படிக்கமாட்டாய், என் பேனாவையே பார்த்துக்கொண்டிருப்பாய். ஜெனரல் ஷிப்டுக்குப் போகிறவர்களின் ஸ்கூட்டர் சத்தம் காலையில் ரோட்டில் கேட்கும்போது மட்டும் எழுந்து பின்கட்டுக்குப் போய்விடுவாய். சத்தம் அடங்கிய பிறகுதான் திரும்பி வருவாய். நான் அதைக் கவனிக்கவில்லை என்று நினைத்தாயா?

இன்ஜினியரிங் ரேங்க் வந்தது. நல்ல ரேங்க்தான், நீ எதிர்பார்த்தது இல்லை. நூர்ஜஹான் அத்தை இனிப்போடு உள்ளே வந்தார்கள். அவர்கள் எதிரிலேயே கேட்டாய்: "இதுக்கா நான் வேலைய விட்டேன்?"

அத்தை இனிப்பை மேஜையில் வைத்துவிட்டு, "அடுப்புல பால் வச்சிட்டு வந்தேன் சுகுணா," என்று போய்விட்டார்கள். அவர்கள் அடுப்பில் பால் எதுவும் இல்லை என்பது மூன்று பேருக்கும் தெரியும்.

பிறகு அந்தக் கேள்வி நம் வீட்டு விருந்தாளி ஆகிவிட்டது. நான் காலேஜில் ஒரு பேப்பரில் தவறினால் வரும். சென்னையில் வேலை கிடைத்து, நீ சொன்ன கம்பெனியில் சேராமல் வேறு கம்பெனியில் சேர்ந்தபோது வந்தது. பிரசவத்துக்கு வந்தபோது சிசேரியன் என்றார்கள், அதற்கும் வந்தது. என் வயிற்றைக் கிழித்ததற்கும் நீ வேலையை விட்டதற்கும் என்ன சம்பந்தம் என்று நான் இன்றுவரை யோசிக்கிறேன்.

அந்த ஆயுத பூஜைக்காரி எனக்குப் பிடித்தவள் அம்மா. அவளை நீதான் கொன்றாய். கொன்றுவிட்டு என் பெயரைச் சொன்னாய். இதற்குத்தான் எனக்கு உன்மேல் இவ்வளவு கோபம்.

இரண்டு வருடத்துக்கு முன்னால் நடந்ததற்கு வருகிறேன். மின்நிலையங்களுக்குக் கட்டுப்பாட்டுக் கருவிகள் அமைத்துக் கொடுக்கிற கம்பெனியில் நான் இருக்கிறேன் என்று எல்லோரிடமும் சொல்வாய், ஆனால் அங்கே நான் என்ன செய்கிறேன் என்று ஒருநாளும் கேட்டதில்லை. ஓமானில் ஒரு பெரிய வேலை. அதன் குழுவுக்குத் தலைவியாக என்னைக் கேட்டார்கள். முதல் ஆறு மாதம் குடும்பத்தைக் கூட்டிப்போக முடியாது, அதற்குப் பிறகு கூட்டிப்போகலாம். என் மகன் ஆதிக்கு அப்போது நாலு வயது. ஆறு மாதம் உன்னிடம் விடலாமா என்று போனில் கேட்டேன். நீ "பாக்கலாம்" என்றாய். உன் வாயில் அது சம்மதம் மாதிரிதான். நான் சந்தோஷமாக இருந்தேன்.

அந்த வாரமே என் கணவர் பிரபு சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது தட்டைப் பார்த்தபடி சொன்னார்: "உங்க அம்மா என் ஆபீசுக்குப் போன் பண்ணியிருந்தாங்க. இந்த வயசுல குழந்தைய விட்டுட்டுப் போனா கெட்டுப் போயிடுவானாம். புருஷன்னு நான்தான் உன்னை நிறுத்தணுமாம். உங்க அம்மாவே சொல்றப்ப நான் என்ன பண்றது உமா?"

பிரபு கெட்டவர் இல்லை. எந்தப் பக்கம் தள்ளினாலும் நகர்கிறவர். நான் தள்ளுவதற்குள் நீ தள்ளிவிட்டாய்.

அந்தச் சனிக்கிழமையே ஆதியைத் தூக்கிக்கொண்டு நெய்வேலிக்குப் பஸ் ஏறினேன். நீ அடுப்படியில் தரையில் உட்கார்ந்து பலாப்பழம் அறுத்துக்கொண்டிருந்தாய். கையெல்லாம் எண்ணெய். ஆதி உன் மடியில் போய் விழுந்து ஒரு சுளையை எடுத்துக்கொண்டு வெளியே தாத்தாவிடம் ஓடினான்.

"பிரபுக்கு எதுக்கும்மா போன் பண்ணே?"

நீ நிமிரவில்லை. "உங்கிட்ட சொன்னா நீ கேக்க மாட்டே. அதான், கேக்கறவருகிட்ட சொன்னேன்."

"பாத்துக்க முடியாதுன்னா எங்கிட்டதான சொல்லணும்? நான் வேற ஏற்பாடு பண்ணியிருப்பேன்ல?"

"ஆறு மாசம்னுதான் ஆரம்பிக்கும். அப்புறம் ஒரு வருஷம்பே. அப்புறம் அங்கருந்து வேற எடம்பே. எனக்குத் தெரியாதா அந்த வேலைய?" கொட்டையைத் தனியாகப் போட்டாய். "நான் விட்டேன்ல? நீயும் விடு."

"நீ விட்டதுக்கு நான் ஏம்மா விடணும்?"

"ஏன், விட்டதால நான் என்ன செத்தா போயிட்டேன்?"

"ஆமாம்," என்றேன்.

உன் கத்தி நின்றது. அடுப்படி ஜன்னலுக்கு வெளியே அப்பா ஆதிக்கு ஏதோ குருவியைக் காட்டிக்கொண்டிருந்தார். நீ எண்ணெய்க் கையைப் புடவையிலேயே துடைத்துக்கொண்டு எழுந்தாய். "சாப்ட்டுட்டுப் போ" என்று மட்டும் சொல்லிவிட்டு உள்ளே போய்ப் படுத்துவிட்டாய். நான் சாப்பிடவில்லை. அந்த ஒரு சொல்லுக்காக நான் வருத்தப்படவும் இல்லை. நீ போன பிறகாவது வருத்தம் வரும் என்று எதிர்பார்த்தேன். வரவில்லை.

ஓமானுக்கு வேறு ஒருவர் போனார். திரும்பி வந்து எனக்கு மேலதிகாரி ஆனார். உனக்கு நடந்ததேதான். ஒரே ஒரு வித்தியாசம், நான் விடவில்லை. அவருக்குக் கீழே, அவரிடம் லீவு கேட்டுக்கொண்டு, வேலை பார்த்தேன். வீட்டில் உட்கார்ந்தால் ஆதிக்கு என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். நான் அந்த வீட்டில் வளர்ந்தவள்.

அதற்குப் பிறகு நீ என்னோடு நேராகப் பேசவில்லை. அப்பாவைப் பேசச் சொல்லுவாய், இல்லாவிட்டால் ஆதியிடம் சொல்லி அனுப்புவாய். இந்த வருடப் பொங்கலுக்குப் போன் செய்தபோது எனக்கு இருமல். நீ ஆதியிடம், "உங்க அம்மாவ மெளகு ரசம் வச்சுக் குடிக்கச் சொல்லுடா," என்றாய். போன் என் கையில்தான் இருந்தது, ஸ்பீக்கரில். நானும் பதில் பேசவில்லை. அதுதான் கடைசி.

அடுத்த மாதம் காலை நடையில், ப்ளாக் ரோட்டில், மரத்தடியில் விழுந்தாய். ஆஸ்பத்திரி போய்ச் சேருவதற்குள் முடிந்துவிட்டது. அப்பா என் ஆபீசுக்குப் போன் செய்து, "அம்மா போயிட்டாம்மா," என்றார். எங்கே போனாங்க என்று அவரிடமே கேட்டேன். உண்மையிலேயே கேட்டேன்.

உன் காரியத்தன்று பந்தியில் கடைசியாக ஒருவர் உட்கார்ந்திருந்தார். வெள்ளைச் சட்டை, நரைத்த கிராப்பு. நான் பாயசம் ஊற்றப் போனபோது இலையை மூடாமல் என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"நான் முத்தாண்டிக்குப்பம் கோவிந்தன்மா. மேடம்கிட்ட ஃபிட்டரா இருந்தேன். நீ சின்னப் புள்ளயா வந்தப்ப பொரி குடுத்தது நான்தான்."

நான் வணக்கம் சொன்னேன். அடுத்து என்ன வரும் என்று தெரிந்து தலையாட்டத் தயாரானேன். அவர் குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"எல்லாரும் புள்ளைக்காக விட்டாங்க, புள்ளைக்காக விட்டாங்கன்னு சொல்லிகினு இருக்காங்க. எனக்கு அதக் கேக்கக் கேக்கக் கோவமா வருதும்மா."

"ஏங்க?"

"எங்ககிட்ட ஒரு வார்த்த சொல்லலியே. எங்க கேங்கு பூரா மாலை வாங்கிகினு இந்த வூட்டுக்குத்தான் வந்தோம். கதவத் தட்டுறோம், தட்டுறோம், தொறக்கல. உள்ள ஃபேனு ஓடிகினு இருக்குது. மாலைய இந்தக் கேட்டுல மாட்டிட்டுப் போனோம். அப்புறம் பஜார்ல எதிர்ல பாத்தாக்கூட மொகத்தத் திருப்பிகினு சைக்கிள மிதிச்சிகினு போயிடுவாங்க. நாங்க என்னம்மா தப்பு பண்ணோம்?" இலையைப் பார்த்தார். "செத்த வூட்டுல இப்படிப் பேசக் கூடாது. ஆனா எனக்கு இன்னமும் கோவம்தாம்மா."

"பேசுங்க," என்றேன். "எனக்கும்தான்."

அவருக்கு இன்னொரு கரண்டி பாயசம் ஊற்றினேன். காலையிலிருந்து அந்தப் பந்தலில் என்னை மூச்சுவிட வைத்த ஒரே மனிதர் அவர்தான். உன்னைத் திட்டினார் என்பதற்காக இல்லை. உன்னை எதிர்பார்த்துக் கதவுக்கு வெளியே நின்ற ஆள் என்னைத் தவிர இன்னொருவரும் இருந்தார் என்பதற்காக.

அவர்கள் மாலையோடு வந்த சாயங்காலம் நானும் உள்ளேதான் இருந்தேன். கதவுத் தாழ்ப்பாளில் கை வைத்தேன். "தொறக்காத" என்றாய். நீ சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாய். உன் முதுகு குலுங்கியது. அதைப் பற்றி நாம் ஒருநாளாவது பேசியிருக்கிறோமா? பேசியிருந்தால் நான் உன் பக்கம் நின்றிருப்பேனே. அந்த ஜூனியரைப் பற்றி, அத்தையைப் பற்றி, அப்பாவின் "உன் இஷ்டம்" பற்றி நாம் இரண்டு பேரும் உட்கார்ந்து திட்டித் தீர்த்திருக்கலாம். அவர்களையெல்லாம் விட்டுவிட்டு என்னை ஏன் பிடித்தாய்?

இப்போதைய செய்தி சொல்கிறேன். அப்பா இந்த மாதம் ரிட்டயர் ஆகிறார். குவார்ட்டர்ஸைக் காலி செய்ய வேண்டும். சாமான் கட்ட வந்தவள் இங்கேயே உட்கார்ந்து இதை எழுதுகிறேன். எனக்கும் ஒரு அழைப்பு வந்திருக்கிறது. புனே தலைமை அலுவலகத்தில் ஒரு பிரிவு முழுவதையும் நான் பார்க்க வேண்டும். ஓமானைவிடப் பெரியது. பிரபுவால் சென்னையை விட்டு வர முடியாது. ஆதி ஒன்றாவதில் இப்போதுதான் பொருந்தியிருக்கிறான். நான் அங்கே, அவர்கள் இங்கே, மாதத்தில் சில சனி ஞாயிறு மட்டும் வந்துபோகலாம்.

குறிஞ்சிப்பாடி அத்தைக்கு எப்படியோ தெரிந்துவிட்டது. போன் செய்தாள். "ஒன் அம்மா என்னா பண்ணாங்கன்னு நெனச்சிப் பாத்துகினு முடிவெடு," என்றாள். நினைத்துப் பார்த்துக்கொண்டுதான் எடுத்தேன் என்று சொன்னேன்.

அப்பாவிடம் சொல்லும்போது, வழக்கமான இரண்டு வார்த்தைதான் வரும் என்று நினைத்தேன். அவர் டம்ளர்களைப் பேப்பரில் சுற்றிக்கொண்டிருந்தார்.

"ஆதிய நான் பாத்துக்கறேன்," என்றார். "சென்னையில உங்க வீட்டுக்கே வந்துடறேன். பிரபு வர்றவரைக்கும் நான் இருப்பேன்ல."

"உங்களுக்குப் பால் காய்ச்சவே தெரியாதேப்பா."

"கத்துக்கறேன். இந்த வயசுல கத்துக்கக் கூடாதா?"

அடுத்த டம்ளரை எடுத்துச் சுற்றினார். பிறகு அவராகவே சொன்னார்: "உங்க அம்மா கேட்டப்ப உன் இஷ்டம்னு சொன்னேன். தாராளமா நடந்துக்கறோம்னு நெனப்பு. உள்ளுக்குள்ள பயம். அவ போயிட்டா உன்ன வச்சிகிட்டு நான் ஒண்டியா என்ன பண்ணுவேன்னு."

"அத அவங்ககிட்டயே சொல்லியிருக்கலாமே?"

"சொல்லியிருந்தா, போங்க பயந்தாங்கொள்ளின்னு சிரிச்சிட்டுப் போயிருப்பா," என்றார். அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டபோது எனக்கு இரக்கம் வரவில்லை. அந்த மனிதரையும் நன்றாகத் திட்டினேன். இப்போது நூர்ஜஹான் அத்தை வீட்டுக்குக் காலையிலும் மாலையிலும் சமையல் கற்றுக்கொள்ளப் போகிறார். நேற்று ரசம் வைத்தார். குடிக்க முடிந்தது.

ஆதியிடமும் சொல்லிவிட்டேன். அதுதான் கஷ்டமாக இருந்தது. என் புடவைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டு கேட்டான்: "எனக்காக இங்கயே இருக்க மாட்டியாம்மா?"

உனக்கும் எனக்கும் நடுவில் இத்தனை வருடம் கிடந்தது அந்த ஒரு கேள்விக்குள் இருந்தது. உன் நல்லதுக்குத்தான் போகிறேன், நல்ல பள்ளிக்கூடம், பெரிய வீடு என்று சொல்ல வாய் வரை வந்துவிட்டது. சொல்லவில்லை.

"இருக்கலாம்டா கண்ணா. ஆனா எனக்குப் போகணும்னு இருக்கு. எனக்கு அந்த வேல பிடிச்சிருக்கு."

அவன் அழுதான். அன்றைக்கு என்னிடம் படுக்கவில்லை, பிரபுவிடம் போய்ப் படுத்துக்கொண்டான். மறுநாள் காலையில் பல் தேய்த்துக்கொண்டே, புனேயில் கடல் இருக்கிறதா என்று கேட்டான். இல்லை என்றேன். அப்படியானால் தான் வரமாட்டேன் என்றான். இப்போதைக்கு அவ்வளவுதான்.

பெரியவனானதும் அவன் என்மேல் கோபப்படலாம். உன்னை நான் எழுதுவதைவிட மோசமாக என்னை எழுதலாம். எழுதட்டும். என்னைத் திட்டுவதற்கு அவனிடம் ஒரு நேரான காரணம் இருக்கும், எங்க அம்மாவுக்குப் போக ஆசை, போனாள் என்று. எனக்கு நீ அதைக்கூடக் கொடுக்கவில்லை. உன்னைத் திட்ட வாயைத் திறந்தால் ஊரே என்னை நன்றிகெட்டவள் என்றது.

என் முடிவு எதற்கும் அவன் பெயரை வைக்கமாட்டேன். போனாலும் சரி, நாளைக்கே முடியாமல் திரும்பி வந்தாலும் சரி, அது என்னுடையதாகத்தான் இருக்கும். இதை உன்னிடம் சத்தியமாகச் சொல்கிறேன். ஆறுதலுக்காகச் சொல்லவில்லை. உனக்கு எதிராகச் சொல்கிறேன்.

இன்னொன்றும் இருக்கிறது. உன் வருஷத் திதி வருகிற வாரத்தில் அங்கே ஒரு பெரிய மின்நிலையத்தின் புது பாய்லரை முதன்முதலாகப் பற்றவைக்கிறோம். முழுப் பொறுப்பும் என்னுடையது. நான் வரமாட்டேன். அப்பா செய்வார். யாராவது கேட்டால் உடம்பு சரியில்லை, டிக்கெட் கிடைக்கவில்லை என்றெல்லாம் சொல்லக்கூடாது, அவளுக்கு வேலை இருக்கிறது, வரவில்லை என்று அப்படியே சொல்லவேண்டும் என்று அவரிடம் கண்டிப்பாகச் சொல்லியிருக்கிறேன். அத்தை சாபம் விடுவாள். விடட்டும். அன்றைக்கு முதல் தீ பற்றும்போது அந்த பாய்லர் எப்படி உறுமும் என்று அங்கே நிற்கிற யாரிடமும் நான் கேட்கமாட்டேன் அம்மா, உன்னிடம்தான் கேட்பேன். அப்போதாவது என்னோடு நேராகப் பேசு.

இப்படிக்கு,
கோபம் ஆறாத உன் ஒரே மகள்,
உமா
நெய்வேலி நகரியம், காலியாகிக்கொண்டிருக்கும் உன் வீட்டிலிருந்து